கைதானவன் வீட்டு ஆள் என்றால்: போக்சோ வழக்கில் தாய் கேட்டு வாங்க வேண்டியவை

குழந்தையிடம் தவறாக நடந்தவன் பெற்ற தகப்பன் என்றால், அவன் கைதாகும் நாளிலேயே வீட்டுக்கு வரும் சம்பளமும் நின்றுவிடுகிறது. 'கேஸை வாபஸ் வாங்கிடும்மா' என்று உறவுக்காரர்கள் வந்து உட்காருவதும் அப்போதுதான். அரிசிக்கு வழியில்லாமல், முதலில் சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிப் பேசிய தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். சிறப்பு நிவாரணம் என்று ஒன்று இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

போக்சோ என்பது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். அதன் 2020 விதிகளின்படி உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்கு, மாவட்டத்தில் குழந்தைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் குழந்தைகள் நலக் குழு இதைப் பரிந்துரைக்கலாம். பரிந்துரை போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும். அலைக்கழிப்பு இங்கேதான் தொடங்குகிறது. குழுவில் கேட்டால், இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் 'கேஸ் முடியட்டும்' என்பார்கள். முடிய வேண்டியதில்லை. வழக்கு முடியும் முன்பே கிடைக்கும் இடைக்கால இழப்பீட்டைக்கூட எப்ஐஆர் போட்ட பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் தரலாம். நிவாரண மனுவைக் குழுவிடமே எழுத்தில் கொடுங்கள். உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் எழுந்து வராதீர்கள். கணவர் பெயரும் சேர்ந்த வங்கிக் கணக்கை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இலவச வக்கீல் கேட்டால் வருமானச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதில் வருமான வரம்பே கிடையாது. தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள். எப்ஐஆர் இருந்தால்தான் அவசர சிகிச்சை என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது.

தாய்மார்களின் வாயை அடைப்பது வேறொரு பயம்: 'பிள்ளையை ஹோமுக்கு அனுப்பிடுவாங்க.' குற்றம் செய்தவன் ஒரே வீட்டில் இருப்பவன் என்றால் போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். குழந்தை வீட்டில் இருக்கலாமா என்பதைக் குழு மூன்று நாளில் முடிவு செய்யும். பிள்ளையின் விருப்பத்தையும் பார்க்க வேண்டும், உங்களால் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். அழுதுகொண்டு நிற்காமல், எங்கே தங்குவீர்கள், கூட யார் இருப்பார்கள், அவன் அங்கே வர முடியாது என்பதற்கு என்ன ஏற்பாடு என்று எழுதிக் கொடுங்கள். வழக்கு முடியும்வரை உடன் வர ஆதரவு நபரையும் அதே மனுவில் கேளுங்கள்.

அவன் ஜாமீனில் வந்தால் பிள்ளைதான் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்பது அநியாயம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் அவனை வெளியேற்றும்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். வீடு அவன் பெயரில் இருந்தாலும் போடலாம். இந்த மனுவுக்கு உதவும் பாதுகாப்பு அலுவலர் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருப்பார். தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181ஐக் கூப்பிடுங்கள். ஜாமீன் மனு வரும்வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.