பழைய பாலிசித் தாளும் சாயம் ஊறிய மண்ணும்

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் என் நண்பர் ஒருவருக்குப் பெரியப்பா வழியில் ஒரு சாயப்பட்டறை வந்துசேர்ந்தது. மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. தொட்டிகள் இருந்த இடத்தில் மண் இன்னும் ஊதாவும் கறுப்புமாகக் கிடக்கிறது. பின்புறக் கிணற்றில் வாளியை இறக்கினால் நுரை கட்டி வருகிறது. அறையைக் காலி செய்தபோது ஓர் இரும்புப் பெட்டி நிறையப் பேரேடுகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை நகல்கள், நடுவே துருவேறிய கிளிப் போட்ட காப்பீட்டுப் பாலிசிகள். பழைய பேப்பர்காரர் தராசோடு வாசலில் நிற்கிறார். "எல்லாம் காலாவதியான தாள்தானே, போட்டுவிடட்டுமா?" என்று நண்பர் போனில் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடிக் கொடுப்பதே ஒரு தொழில். மாசுபட்ட நிலத்தைத் துப்புரவு செய்யும் செலவை மாசு செய்தவர் தலையில் கட்டும் சட்டம் அங்கே 1980இல் வந்தது. பிறருக்கு நேரும் சேதத்துக்குப் பணம் தரும் காப்பீடுதான் பொதுப் பொறுப்புப் பாலிசி. அந்தச் சட்டத்துக்கு முன்பு விற்கப்பட்ட அப்படிப்பட்ட பாலிசிகள் பல, சேதம் நடந்த ஆண்டில் பாலிசி நடப்பில் இருந்ததா என்று மட்டுமே பார்த்தன. மண்ணில் ரசாயனம் இறங்கியது 1965 என்றால், அது வெளியே தெரிவது எத்தனை வருடம் கழித்து என்றாலும் 1965ஆம் ஆண்டுப் பாலிசியைக் காட்டிப் பணம் கேட்கலாம். விழித்துக்கொண்ட நிறுவனங்கள் 1980களின் நடுவில் மாசால் வரும் சேதத்தையே பாலிசியிலிருந்து விலக்கின.

இங்கே கதை வேறு. நம் பொதுப் பொறுப்புப் பாலிசிகள் பெரும்பாலும், பாலிசி நடப்பில் இருக்கும்போதே கோரிக்கையும் வந்தாக வேண்டும் என்ற வகை. மெல்லக் கசியும் மாசை அவை பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே பெட்டியைத் திறந்ததும் பணம் கொட்டும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1991ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். மத்திய அரசு அறிவித்த அளவுக்கு மேல் அபாயகரமான பொருளைக் கையாளும் உரிமையாளர் காப்பீடு எடுத்தே தீர வேண்டும். பிரீமியத்துக்குச் சமமான தொகையைச் சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்கும் செலுத்த வேண்டும். எல்லாச் சாயப்பட்டறையும், எல்லாக் கொலுசுப் பட்டறையும் இதில் வராது. வருகிற இடத்தில், தவறு யாருடையது என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்கத் தேவையில்லை. விபத்து என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் தொடர்ந்தோ விட்டுவிட்டோ திரும்பத் திரும்பவோ நேரும் பாதிப்பும் அடங்கும். பலர் இதைப் படிக்காமலே, தொட்டி வெடித்தால்தான் விபத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மனு மாவட்ட ஆட்சியருக்கு. விபத்து நடந்த ஐந்து ஆண்டுக்குள். விபத்தைச் சரிபார்த்து, மனு கொடுக்கலாம் என்று ஊரறிய அறிவிப்பதும் ஆட்சியர் கடமைதான். ஆனால் இது ஆளுக்கும் சொத்துக்கும் தரும் உடனடி நிவாரணம். 1991இல் எழுதியபோது உயிரிழப்புக்கு 25,000 ரூபாய், சொத்துச் சேதத்துக்கு 6,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். ஓர் ஏக்கர் மண்ணைத் தோண்டி மாற்றுவதை மனத்தில் வைத்து எழுதிய தொகை அல்ல அது. இன்றைய தொகையை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணையே மீட்க வேண்டுமென்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென் மண்டல அமர்வு சென்னையில். சூழலை மீட்டெடுக்க உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. அங்கும் ஐந்து ஆண்டுதான் கெடு. பாட்டன் காலத்து மாசுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது.

அதனால்தான் 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகள் முக்கியமாகின்றன. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வு செய்யும். மாசு உறுதியானால், இதற்குப் பொறுப்பு யார் என்று வாரியம் கண்டுபிடிக்க வேண்டும். துப்புரவுச் செலவு அவருடையது. அவர் அகப்படாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: மாசு செய்தவர் இழப்பீட்டோடு சூழலை மீட்கும் செலவையும் தர வேண்டும். சுரங்கத்தால் வரும் மாசுக்கும் குப்பைக் கிடங்குத் திடக்கழிவுக்கும் வேறு சட்டங்கள் இருப்பதால், ஏற்காட்டுப் பாக்சைட்டையும் சுண்ணாம்புக்கரட்டு மேக்னசைட்டையும் இந்த விதிகளுக்குள் இழுக்க முடியாது.

நண்பரின் பெட்டிக்கு மதிப்பு வருவது இந்த இடத்தில்தான். நிலம் இன்று அவர் பெயரில் இருப்பதால், கேள்வி முதலில் அவர் வாசலுக்கே வரும். பட்டறையை எந்த ஆண்டு யார் நடத்தினார்கள், குத்தகைக்கு எடுத்தவர் யார், எந்த ரசாயனத்துக்குக் காப்பீடு கேட்டார்கள் என்பதற்குப் பழைய பாலிசியைப் போலச் சாட்சி கிடைப்பது அரிது. வில்லங்கச் சான்று நிலத்தின் கைமாற்றத்தைக் காட்டும். தொட்டியில் என்ன இருந்தது என்று காட்டாது. இந்தத் தாள் பணமாகாவிட்டாலும், பணம் கட்ட வேண்டியவரை அடையாளம் காட்டும்.

பாலிசியில் உள்ள நிறுவனம் இன்று இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1973இல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையானபோது 107 நிறுவனங்கள் நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்ற நான்குக்குள் அடங்கின. நான்கும் அரசு நிறுவனங்கள் என்பதால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். பாலிசி எண், காப்பீடு எடுத்தவர் பெயர், பட்டறை முகவரி, ஆண்டு ஆகிய நான்கையும் எழுதி, வாரிசுச் சான்று நகலையும் இணைத்தால் அலைச்சல் குறையும். பாலிசி தொலைந்திருந்தால் பேரேட்டில் பிரீமியம் என்று எழுதிய வரியைத் தேடுங்கள். வங்கிக் கடனுக்காக நகல் கொடுத்திருந்தால் வங்கிக் கோப்பிலும் இருக்கலாம். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

எடைக்காரருக்கு அன்று பழைய வார இதழ்கள் மட்டும் போயின. நண்பர் இப்போது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார், கிணற்று நீரைச் சோதித்துத் தரும்படி.