ஹானர்ஸ் காலேஜ் கௌரவக் கல்லூரி அல்ல

"கௌரவக் கல்லூரியின் அறிஞர்களும் முன்னாள் அறிஞர்களும் தங்கள் நிபுணத்துவத்தைப் பொதுமக்களுடன் பகிர்ந்துகொள்கின்றனர்."

அமெரிக்கப் பல்கலைக்கழகச் செய்திகளைத் தமிழில் தருபவர்கள் இந்த வாக்கியத்தை விடுவதாக இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் மாறும், வாக்கியம் மாறாது. ஹானர்ஸ் காலேஜ் என்பது பல்கலைக்கழகத்துக்குள் கூடுதல் கடினமான படிப்பை நடத்தும் பிரிவு. அதைத்தான் கௌரவக் கல்லூரி என்றும், அங்கே படிக்கும் ஸ்காலரை அறிஞர் என்றும் போடுகிறார்கள். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் படிக்கிறவர் மனத்தில் என்ன தோன்றும்? பொன்னாடை போர்த்திய பெரியவர்கள் மேடையில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஒருகாலத்தில் அறிஞர்களாக இருந்தவர்கள், இப்போது இல்லை. உண்மையில் நடப்பது வேறு. இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி, ஊர் நூலகத்தில் நின்று, வயலில் போட்ட உரம் மழையில் கரைந்து ஏரிக்குள் போனால் பாசி ஏன் மண்டுகிறது என்று விளக்குகிறாள். அவள் படிக்கும் அதே ஹானர்ஸ் காலேஜில் படித்து முடித்துவிட்டு இப்போது வேலையில் இருக்கும் பொறியாளர் ஒருவர், குடிநீரை எப்படிச் சுத்திகரிக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறார். இந்த இருவரையும் அந்த வாக்கியத்துக்குள் எங்கே தேடுவது?

வேர்ச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹானர் லத்தீன் மூலம் கொண்ட சொல். மதிப்பு, பதவி என்று இரு பொருளும் அங்கே உண்டு. கல்வியில் அது தனிப்பொருள் பெற்றது இங்கிலாந்தில். ஆக்ஸ்போர்டில் 1800இல் வந்த தேர்வு விதி, வெறுமனே தேறுவதற்கு ஒரு தேர்வும் திறமையைக் காட்டக் கடினமான வேறொரு தேர்வும் வைத்தது. இரண்டாவதுதான் ஹானர்ஸ். அங்கே படித்துத் திரும்பிய ஃபிராங்க் ஏடலாட், அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரித் தலைவராக இருந்தபோது 1922இல் அந்த முறையை அமெரிக்கச் சூழலுக்கேற்ப மாற்றித் தொடங்கினார். சிறு குழுவாக உட்கார்ந்து விவாதிப்பது, சொந்தமாக ஆய்வு செய்வது, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன் பதில் சொல்வது என்று அது அமைந்தது. பின்னர் அரசுப் பல்கலைக்கழகங்கள் இதற்கென்றே தனிப் பிரிவுகள் வைத்தன. ஆரிகன் பல்கலைக்கழகத்தில் 1960இல் வந்தது, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1988இல் வந்தது. ஆக ஹானர்ஸ் என்பது படிப்பின் கடுமையைக் குறிக்கும் சொல். யாரும் யாருக்கும் சூட்டும் மாலை அன்று.

இனி கௌரவத்துக்கு வருவோம். குரு என்னும் வடசொல்லுக்குக் கனமானது என்றும் பொருள். அதிலிருந்து பிறந்தது கௌரவம். வடசொல் என்பதற்காக நான் அதை விரட்டவில்லை. (தமிழில் எழுதினால் துரியோதனன் கூட்டத்துக்கும் இதே எழுத்துகள்தாம் என்பது வேறு கதை.) என் குறை, அந்தச் சொல் தமிழில் ஏற்கெனவே வேறொரு வேலைக்கு அமர்ந்துவிட்டது என்பதுதான். கௌரவ டாக்டர் பட்டம் என்றால் படிக்காமல் பெற்றது. கௌரவத் தலைவர் என்றால் பெயருக்குத் தலைவர். கௌரவ ஆசிரியர் என்றால் இதழின் முகப்பில் பெயர் இருக்கும், வேலை வேறொருவர் செய்வார். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்றால் நிரந்தரப் பணியில் இல்லாதவர், தொகுப்பூதியத்தில் ஓடிக்கொண்டிருப்பவர். எங்கு பார்த்தாலும் 'முழுமையானதன்று' என்ற நிழல் இந்தச் சொல்லோடு கூடவே வருகிறது. மற்றவர்களைவிடக் கூடுதலாகப் படிக்கிற, கடைசியில் ஆய்வேடு எழுதிக்கொடுக்க வேண்டிய மாணவர்மேல் இந்த நிழலை ஏன் விழவைக்க வேண்டும்?

இந்தக் குழப்பத்துக்கு அண்ணாவையே சான்றாகச் சொல்லலாம். பச்சையப்பன் கல்லூரியில் அவர் படித்தது பி.ஏ. ஆனர்ஸ். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்பின் அடையாளமாக டாக்டர் பட்டம் வழங்கியது. முதலாவது கண்விழித்துப் படித்து வாங்கியது, இரண்டாவது தேடி வந்தது. இரண்டுக்கும் கௌரவம் என்றே போட்டால் எது எது என்று எப்படித் தெரியும்? அந்தக் காலத்தவர் இந்த வம்பே வேண்டாம் என்று ஆனர்ஸ் என்றே எழுதிப் போனார்கள். தவறாகத் தமிழாக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

'கௌரவம் வழக்கில் வந்துவிட்டது, இனி மாற்ற முடியாது' என்பார்கள். ஏன் முடியாது? கௌரவக் கொலை என்றுதான் செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்தன. கொலையில் என்ன கௌரவம் என்று கேட்டார்கள். ஆணவக் கொலை வந்தது. இன்று அது நிலைத்துவிட்டது. அதே கேள்வியைக் கல்லூரி வாசலிலும் கேட்கலாம்.

மாற்றாகச் சிலர் மதிப்புறு கல்லூரி என்கிறார்கள். மதிப்புறு முனைவர் என்று கௌரவ டாக்டரைத்தானே சொல்கிறோம்? குழி அதே குழி, தமிழ்ப் பெயர்ப்பலகை மட்டும் புதிது. தனித்தமிழ் என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தூக்கிப் பிடிப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. தகைசால் கல்லூரி காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாடு அரசு தகைசால் பள்ளிகள் என்று ஒரு திட்டத்துக்கே பெயர் வைத்துவிட்டது, விருதும் இருக்கிறது. அது நிறுவனத்தைப் பாராட்டும் சொல், படிப்பின் தரநிலையைச் சொல்வதில்லை. வெறும் சிறப்புக் கல்லூரி என்றாலும் சிக்கல்: சிறப்புப் பள்ளி என்றால் நமக்கு மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் பள்ளி, சிறப்பு வகுப்பு என்றால் சனிக்கிழமை காலை.

என் தேர்வு சிறப்புநிலை. இது நான் உண்டாக்கியதும் அன்று. அரசுப் பணியில் தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று படிகள் உண்டு. சிறப்புநிலை நகராட்சி என்று நகரங்களையே தரம் பிரிக்கிறோம். சாதாரணத்துக்கு மேல் ஒரு படி என்பது கேட்டவுடன் விளங்கும். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாகப் பி.ஏ. பட்டத்தைப் பொதுக் கலைமாணி, சிறப்புக் கலைமாணி என்று பிரித்து எழுதிவருவதும் இதற்குப் பக்கபலம். அங்கே பிறந்த நல்ல சொற்களை இங்குள்ள மொழிபெயர்ப்பாளர்கள் திரும்பிப் பார்ப்பதே இல்லை, அது தனி வருத்தம்.

கல்லூரி என்ற பாதியிலும் கவனம் வேண்டும். நமக்குக் கல்லூரி என்றால் தனி வாசல், தனி முதல்வர். ஹானர்ஸ் காலேஜ் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இயங்குவது. மாணவர் வேதியியல் துறையிலும் இருப்பார், இதிலும் இருப்பார். எனவே சிறப்புநிலைக் கல்விப் பிரிவு என்பதே பொருந்தும். நீளம்தான். ஆனால் யாரையும் ஏமாற்றாது.

ஸ்காலர் வந்தாலே அறிஞர் என்று எழுதும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ. நம் பல்கலைக்கழகங்களில் ரிசர்ச் ஸ்காலரை ஆய்வு மாணவர் என்கிறோம். ஸ்காலர்ஷிப்பை உதவித்தொகை என்கிறோம், அறிஞர்த்தொகை என்று யாரும் எழுதுவதில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷ்ரேயர் ஹானர்ஸ் காலேஜ் தன் இளங்கலை மாணவர்களை ஷ்ரேயர் ஸ்காலர் என்றே அழைக்கிறது. பதினெட்டு வயதில் சேர்ந்த அன்றே ஒருவர் அறிஞராகிவிடுவாரா? சிறப்புநிலை மாணவர் என்றால் போதும். ஸ்காலர் அலும்னி, அதாவது அங்கே படித்து முடித்தவர்கள், என்பதை 'முன்னாள் அறிஞர்' ஆக்குவது இன்னும் கொடுமை. முன்னாள் அமைச்சர் பதவி போனவர். முன்னாள் அறிஞருக்கு எது போயிற்று?

பகிர்தல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பகிர்ந்தால் பங்கு குறைய வேண்டும். சோற்றைப் பகிரலாம், நிலத்தைப் பகிரலாம். இப்போது மகிழ்ச்சியைப் பகிர்கிறார்கள், அச்சத்தைப் பகிர்கிறார்கள், நிபுணத்துவத்தையும் பகிர்கிறார்கள். சொன்னார், விளக்கினார், கற்றுக்கொடுத்தார், எடுத்துரைத்தார் என்று இத்தனை வினைகள் சும்மா கிடக்கின்றன. நிபுணத்துவம் என்ற சொல்லை வாயால் சொல்லிப் பார்த்தவர்கள் எழுதமாட்டார்கள்.

அந்த வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன்: "சிறப்புநிலைக் கல்விப் பிரிவில் படிப்பவர்களும் படித்து முடித்தவர்களும் தங்கள் துறைபற்றிப் பொதுமக்களுக்கு விளக்கிச் சொல்கிறார்கள்." நிறுவனத்தின் பெயராக வரும் இடத்தில் மட்டும், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளதை பாரெட் ஹானர்ஸ் காலேஜ் என்று உள்ளபடியே விட்டு, முதல் முறை பக்கத்தில் தமிழ் விளக்கம் தந்தால் போதும். அதை பாரெட் கௌரவக் கல்லூரி என்று மாற்றினால் தேடுபவருக்கு அந்த இடமும் கிடைக்காது, பொருளும் கிடைக்காது.