வெல்டிங் விடவில்லை, ஆக்சில்தான் முறிந்தது

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர் தன் மூன்று சக்கர மிதிவண்டியைச் சுமை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் லேத் பட்டறைக்கு வந்தார். சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற வகை. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. சட்டம் முழுவதும் தன் கையால் செய்தது, நன்றாகவே செய்திருந்தார். இடது முன்சக்கரம் மட்டும் தனியாக அவர் கையில் இருந்தது.

"வெல்டிங் அப்படியே இருக்கிறது அண்ணா, ஆக்சில்தான் போய்விட்டது" என்றார்.

அவர் ஆக்சில் என்றது, சக்கரம் சுற்றும் அச்சாகப் போட்டிருந்த 12 மி.மீ. போல்ட். கடையில் கேட்டு 8.8 என்ற உயர்வலிமைத் தரமாகவே வாங்கி, தலையை அறுத்துவிட்டு ஸ்டியரிங் தகட்டில் பற்றவைத்திருந்தார். முறிந்த முகத்தை விளக்கடியில் பிடித்துக் காட்டினேன். ஓர் ஓரத்திலிருந்து முக்கால் பங்கு கறுத்து, வழவழவென்று வளையம் வளையமாகக் கோடு விழுந்திருந்தது. மீதிக் கால் பங்குதான் சொரசொரவென்று வெள்ளையாக மின்னியது. அன்று முறிந்தது அந்தக் கால் பங்குதான். மற்றது அவர் ஓட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் ஓசையில்லாமல் பிளந்துகொண்டே வந்திருக்கிறது.

சாதாரண சைக்கிளின் முன் ஆக்சில் 10 மி.மீ.கூட இருக்காது. ஆனாலும் தாங்குகிறது. ஃபோர்க் இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறது. திருப்பத்தில் வண்டியே சாய்ந்துகொடுப்பதால் சக்கரத்தில் பக்கவாட்டு விசை அதிகம் விழுவதில்லை. இந்த வண்டி சாயாது. ஆக்சிலுக்கும் ஒரு பக்கம்தான் பிடி. 20 அங்குலச் சக்கரத்தில் தரைக்கும் ஆக்சிலுக்கும் சுமார் 25 செ.மீ. திருப்பத்தில் தரை 40 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளினால், அந்த 25 செ.மீ. நெம்புகோலாகி ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் வளைப்பை ஆக்சிலின் அடியில் இறக்கும். நேர்ச் சாலையில் எடை ஆக்சிலை ஒரு திசையில் வளைக்கிறது. வேகமான திருப்பத்தில் வெளிச்சக்கரத்து ஆக்சில் எதிர்த் திசையில் வளைகிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்போமே, அதே வேலை.

8.8 போல்ட்டின் வலிமை அதைச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்தியதில் வருவது. பற்றவைக்கிற சூட்டில் அந்தப் பதம் கெட்டுவிடும். வெல்டிங் தையலை ஒட்டி ஓரிடம் இளகும், ஓரிடம் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை பெறும். போதாக்குறைக்கு, மரையின் ஒவ்வொரு பள்ளமும் விரிசலுக்கு ஒரு வாசல். காசு கொடுத்து நல்ல போல்ட் வாங்கி, அதன் நல்லதை நாமே எரித்துவிடுகிறோம்.

நான் ஆக்சிலில் எதையும் பற்றவைப்பதில்லை. புஷ் எனும் தடித்த சுவருள்ள குட்டைக் குழாய் ஒன்றைத் தகட்டில் குறுக்கே நுழைத்து, இரு பக்கமும் பற்றவைக்கிறேன். துளையை முதலில் 14 மி.மீ. அளவில்தான் விடுவேன். வெல்டிங் ஆறும்போது புஷ் கொஞ்சம் சுருங்கிக் கோணும். முழு அளவில் துளைத்துவிட்டுப் பற்றவைத்தால் ஆக்சில் உள்ளேயே போகாது. நன்றாக ஆறிய பிறகு, துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் விட்டு 15 ஆக்குவேன். ஆக்சில் இ.என்.24 என்ற கலப்பு எஃகுக் கம்பியில் கடைந்தது. அதில் காலர் எனும் தடித்த விளிம்பு புஷ்ஷில் முட்டி நிற்க, உள்பக்கம் நைலான் வளையத்தால் தளராமல் பிடிக்கும் நைலாக் நட் இறுக்கும். 12-க்குப் பதில் 15 என்றால் வளைவு தாங்கும் திறன் ஏறக்குறைய இரு மடங்கு, ஏனென்றால் அது விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 15 மி.மீ. துளையுள்ள 6202 பேரிங் அப்படியே உட்காரும்.

காலர் தொடங்கும் மூலையைக் கூராகக் கடைய விடாதீர்கள்; அதுவும் விரிசலுக்கு ஒரு வாசல். ஒன்றரை மி.மீ. வளைவு வேண்டும் என்று லேத்காரரிடம் சொல்லுங்கள்; புஷ்ஷின் வாயையும் அந்த வளைவுக்கு இடம் விட்டுச் சாய்த்துவிட வேண்டும். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். வேறு லேத் பாருங்கள்.

மாணவர் இடது பக்கத்துக்கு மட்டும் புதிய ஆக்சில் கேட்டார். வலது பக்கத்தைத் துடைத்து, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தெளித்தேன். பத்து நிமிடம் கழித்து அதைத் துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பூச்சு அடித்தேன். தையலை ஒட்டி, முதல் மரைப் பள்ளத்தில், தலைமுடி தடிமனில் அரை வட்டமாகச் சிவப்புக் கோடு எழும்பி வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டு, "இரண்டுமே போட்டுவிடுங்கள் அண்ணா" என்றார்.