‘இதர விஷயங்கள்’ என்ற கடைசி வரி

குடியிருப்போர் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது என் தொழில். வரவு செலவோடு தீர்மானப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் படிப்பேன். ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். அதே சங்கத்தில், கூட்டிய பராமரிப்புக் கட்டணத்தைக் கட்ட மாட்டோம் என்று ஒரு கூட்டம் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஏகமனது என்றால் இவர்கள் எங்கே போனார்கள்?

ஓட்டு எண்ணுவதில் தில்லுமுல்லு நடந்து நான் அதிகம் பார்த்ததில்லை. கோளாறு அதற்கு முன்பே, பொதுக்குழுவில் பேச வேண்டியவற்றின் பட்டியலான அஜெண்டாவை எழுதும்போதே தொடங்கிவிடுகிறது. கணக்கு ஒப்புதல், ஆடிட்டர் நியமனம், கடைசியில் ‘தலைவரின் அனுமதியுடன் இதர விஷயங்கள்’. லிஃப்டை மாற்றுவது, கார் நிறுத்தும் இடங்களை மறுபடி பிரிப்பது போன்ற பெரிய விஷயங்கள் அந்தக் கடைசி வரி வழியாகத்தான் உள்ளே வருகின்றன. அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். வராதவர்களுக்கோ இப்படி ஒரு பேச்சு இருப்பதே தெரியாது. பணமோ பொது இடமோ சம்பந்தப்பட்ட எதையும் ‘இதர’வில் எடுக்கக் கூடாது என்று பைலாவில், அதாவது சங்கத்தின் விதிகளில், எழுதி வையுங்கள். இத்தனை உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தப் பொருள் அஜெண்டாவில் வந்தே தீர வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். செயலாளர் மனது வைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு. 100 வீடுகளுக்குக் கோரம் 30 என்று வைத்துக்கொள்வோம். 30 பேர் வந்தால் 16 கைகள் போதும், நூறு வீட்டுக்கும் முடிவாகிவிடும். கோரம் சேராவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைத்து, இருப்பவர்களை வைத்தே நடத்தலாம் என்றும் பல பைலாக்களில் இருக்கிறது. அன்றாடக் காரியங்களுக்குச் சரி. பெரிய செலவுகளுக்கு மொத்த வீடுகளில் இத்தனை சதவீதம் என்று வைப்பதுதான் நியாயம்.

வர முடியாதவர் தன் சார்பில் ஓட்டுப் போட இன்னொருவரை நியமிக்கும் பதிலாள் படிவங்கள் தனிக்கதை. ஒரு சங்கத்தின் கோப்பில் ஒரு கட்டு இருந்தது. வீட்டு எண்ணும் கையெழுத்தும் ஆளுக்கொரு பேனாவில். பதிலாளின் பெயர் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே நீல மையில், ஒரே கையால் எழுதியது. வெற்றுப் படிவத்தில் வாங்கி வைத்த கையெழுத்துகள்! ஒருவர் இரண்டு மூன்று வீடுகளுக்கு மேல் பதிலாளாக இருக்கக் கூடாது. படிவத்திலேயே கூட்டத் தேதியும், தீர்மானம் ஒவ்வொன்றுக்கும் ஆதரவா எதிர்ப்பா என்று குறிக்கும் கட்டமும் இருக்கட்டும்.

செயற்குழுத் தேர்தலில் 5 இடங்கள், வீட்டுக்கு 5 ஓட்டு, ஒரு வேட்பாளருக்கு ஒன்றுதான் போடலாம் என்றால், 60 வீடுகள் ஒன்று சேர்ந்து ஐந்தையும் அள்ளிவிடும். ஐந்து ஓட்டையும் விரும்பியவருக்கே குவிக்கலாம் என்று மாற்றிப் பாருங்கள். மீதி 40 வீடுகள் தங்கள் 200 ஓட்டை இருவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 100. பெரிய அணி தன் 300 ஓட்டை நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 75தான். சிறிய அணிக்கு 2 இடம் உறுதி. செயற்குழுவுக்குள் கேள்வி கேட்க ஆள் இருந்தால் என் வேலையும் குறையும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லாவிட்டாலும், கூட்டத்தில் உட்கார்ந்து பேச இடம் கொடுக்கலாம். மோட்டார் எப்போது ஓடாது என்பது வெளியூரில் இருக்கும் உரிமையாளரைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

எதிர்த்து ஓட்டுப் போட்டால், உங்கள் பெயரையும் காரணத்தையும் மினிட்ஸில், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில், ஏற்றச் சொல்லுங்கள். வரைவு மினிட்ஸ் ஒரு வாரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் வந்துவிட வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் வாசிக்கும்போது திருத்திக்கொள்ளலாம் என்பார்கள். அதற்குள் லிஃப்ட்காரருக்கு முன்பணம் போயிருக்கும்.