சம்பளக்காரர் பெயரில் டெல்லியில் ஒரு வியாபாரம்

ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் ஆபீஸில் உட்கார நாற்காலி கிடைக்காது. வருமான வரித் தாக்கலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சம்பளக்காரர்கள். கம்பெனி கொடுக்கும் சம்பள, வரிப்பிடித்தச் சான்றான ஃபார்ம் 16-ஐ நீட்டிவிட்டு, "ரீஃபண்ட் எவ்வளவு சார் வரும்?" என்று கேட்பார்கள். பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கும் அந்தத் தம்பியும் அப்படித்தான் வந்தார்.

வழக்கம்போல அவருடைய ஏ.ஐ.எஸ். அறிக்கையைத் திறந்தேன். நம் பான் எண்ணில் எங்கெங்கே பணம் புழங்கியது என்று வருமான வரித்துறை தொகுத்து வைத்திருக்கும் பட்டியல் அது. 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது. சம்பளம், சேமிப்புக் கணக்கு வட்டி, எல்லாம் சரி. அதற்குக் கீழே 'ஜி.எஸ்.டி. டர்ன்ஓவர்', அதாவது வியாபாரத்தின் விற்பனைத் தொகை, என்று ஒரு குறிப்பு. தொகை ஒரு கோடியே சொச்சம்.

"தம்பி, சைடில் ஏதாவது வியாபாரம் பண்றீங்களா?"

"இல்லீங்களே சார். வண்டி டியூ கட்டவே சரியா இருக்கு."

ஜி.எஸ்.டி. எண்ணைப் பார்த்தேன். அதில் பதினைந்து இடங்கள் உண்டு. முதல் இரண்டு மாநிலத்தின் குறியீடு, அடுத்த பத்தும் உரிமையாளரின் பான். தமிழ்நாடு என்றால் 33. இவருடையது 07-ல் தொடங்கியது. டெல்லி. தம்பி அதுவரை ரயிலில் பெங்களூரைத் தாண்டியதில்லை.

கிளறிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. வீட்டிலிருந்தபடியே பகுதிநேர வேலை என்று வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். ஆதார், பான், ஒரு செல்ஃபி கேட்டார்கள், அனுப்பியிருக்கிறார். 'வெரிஃபிகேஷன்' என்று சொல்லி இரண்டு முறை ஓ.டி.பி. கேட்டார்கள், அதையும் சொல்லியிருக்கிறார். அப்புறம் அந்த நம்பர் அணைந்துபோனது. கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாததால், 'நல்லவேளை, தப்பித்தோம்' என்று மறந்துவிட்டார்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். பணம் போனால் அன்றைக்கே தெரிந்துவிடும். பெயர் போனால் தெரியாது. அந்த ஆவணங்களை வைத்து இவர் பெயரில் எடுத்த ஜி.எஸ்.டி. பதிவில் கொடுத்திருந்த மொபைல் எண்ணும் இமெயிலும் வேறு யாருடையதோ. துறை அனுப்பிய நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் போயிருக்கிறது, இவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு சம்பளக்காரர் பெயரை வைத்து அவர்களுக்கு என்ன லாபம்? சரக்கே நகராமல் பில் மட்டும் போடுவார்கள். அந்த பில்லை வாங்குகிறவர், கட்டாத வரியைக் கட்டியதாகக் காட்டி, தான் கட்ட வேண்டிய வரியிலிருந்து அதைக் கழித்துக்கொள்வார். இதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். பில் போட்டவர் கமிஷனை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார். ஒருநாள் துறை தேடிக்கொண்டு வரும்போது, பதிவில் இருக்கும் பெயர்தான் முதலில் மாட்டும். கூலி வேலை செய்கிறவர்களுக்குக் கோடிக் கணக்கில் வரி பாக்கி என்று செய்தி படித்திருப்பீர்கள். பல சமயம் அதன் பின்கதை இதுதான்.

அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போட வைத்து, தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரும் பதிந்தோம். அடையாளத் திருட்டுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி என்று தனிப் பிரிவே இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். புகார் ரசீதை இணைத்து டெல்லி ஜி.எஸ்.டி. அதிகாரிக்கு எழுதினோம். ஏ.ஐ.எஸ்.ஸில் அந்தக் குறிப்புக்கு எதிரே 'இது என்னுடையதல்ல' என்று மறுப்பும் பதிந்தோம். இதைச் செய்யாமல் ரிட்டர்னைத் தாக்கல் செய்திருந்தால் அடுத்த நோட்டீஸ் வருமான வரித்துறையிலிருந்து வந்திருக்கும். பதிவு ரத்தாக ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை தம்பி சரியாகத் தூங்கவில்லை.

உங்கள் பெயரில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து நீங்களே பார்க்கலாம். ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் அந்த எண்ணில் இருக்கும் பதிவுகள் வந்துவிடும். லாகின்கூட வேண்டாம். வியாபாரமே செய்யாதவருக்கு ஏதாவது வந்தால் அதுவே எச்சரிக்கை. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் காட்டும். தெரியாத எண்ணை அங்கேயே 'என்னுடையதல்ல' என்று சொல்லிவிடலாம். ஆதார் எங்கே, எப்போது சரிபார்க்கப்பட்டது என்று ஆறு மாத விவரம் ஆதார் தளத்தில் கிடைக்கும். கைரேகை தேவைப்படாத நாட்களில் பயோமெட்ரிக்கைப் பூட்டியும் வைக்கலாம்.

உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க சிபில் அறிக்கை. சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீர்க்காவிட்டால், அதற்கப்புறம் நாளுக்கு நூறு ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

ஆதார் பி.டி.எஃப்.புக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்த பாஸ்வேர்டு! ஊரில் உள்ள எந்த பிரவுசிங் சென்டரிலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், அந்தத் தெருவே உள்ளே இருக்கும். பிரிண்ட் எடுத்ததும் ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதுமென்ற இடத்தில் அதையே கொடுங்கள்.

அடுத்தவரைச் சொல்வானேன். கிளையன்ட் காகிதங்களை ஆபீஸ் பையன் தன் சொந்த போனில் வாங்கிவைப்பது எங்கள் ஆபீஸிலும் நடந்ததுதான். தம்பியின் விவகாரத்துக்கு அப்புறம்தான் நிறுத்தினோம்.

இந்த ஜூலையிலும் அவர் வந்திருந்தார். ஆதார் ஜெராக்ஸின் குறுக்கே 'வருமான வரித் தாக்கலுக்கு மட்டும்' என்று தேதி போட்டு, ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். எண்ணே தெரியவில்லை. இன்னொரு காப்பி கேட்டு வாங்கினேன்.