இரண்டாவது எலெக்ட்ரான் வந்ததும்

ஒரே எலெக்ட்ரான் உள்ள ஹைட்ரஜன் அணுவுக்கு, எலெக்ட்ரானின் நிலையையும் ஆற்றலையும் சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு தாளிலேயே துல்லியமாகத் தீர்ந்துவிடும். மிகக் குறைந்த ஆற்றலுக்கு விடை -0.5 ஹார்ட்ரீ. (ஹார்ட்ரீ என்பது ஆற்றலின் அலகு; ஒரு ஹார்ட்ரீ சுமார் 27.2 எலெக்ட்ரான் வோல்ட்.) அடுத்த தனிமமான ஹீலியத்திலேயே வழி அடைபடுகிறது. அங்கே இரண்டு எலெக்ட்ரான்கள், ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒன்று எங்கே இருக்கும் என்பது, அந்த நொடியில் மற்றது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் சமன்பாட்டை இரண்டாகப் பிரிக்க முடியாது. முதுநிலையில் படிக்கும் மூலக்கூறு குவாண்டம் இயங்கியல் பெரும்பாலும் இந்த ஒரு முடிச்சைப் பற்றியதுதான்.

கணினியைத் தொடுமுன் ஹீலியத்தைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன். விலக்கத்தை அடியோடு மறந்தால் ஆற்றல் -4 ஹார்ட்ரீ. உண்மையான மதிப்போ -2.9037. இனி ஒரு எலெக்ட்ரான் மற்றதிடமிருந்து அணுக்கருவைக் கொஞ்சம் மறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எலெக்ட்ரான் உணரும் மின்சுமை 2 அல்ல, ஏதோ ஒரு ழ. அப்போது ஆற்றல் ழ² - (27/8)ழ என்று வரும். இதில் ழ = 2 என்று போட்டால் -2.75. வகையிட்டு மிகக் குறைந்த புள்ளியைத் தேடினால் ழ = 27/16, ஆற்றல் -2.8477. ஒரே ஒரு எண்ணைத் தளரவிட்டதற்கே இவ்வளவு முன்னேற்றம்! எந்த ஊக அலைச்சார்பை (எலெக்ட்ரான்கள் எங்கெங்கே இருக்கக்கூடும் என்பதை விவரிக்கும் சார்பு) எடுத்தாலும் கிடைக்கும் ஆற்றல் உண்மைக்குக் கீழே இறங்காது. அதனால் எது குறைவோ அதுவே மேல் என்று நம்பித் தேடலாம். இதுதான் மாறுபாட்டுத் தத்துவம்.

ஒரு எண்ணுக்குப் பதில் ஆர்பிட்டாலின் (ஒரு தனி எலெக்ட்ரானுக்கான அலைச்சார்பு) வடிவம் முழுவதையும் தளரவிட்டால் ஹார்ட்ரீ-ஃபாக் முறை. 1920களின் இறுதியில் டக்ளஸ் ஹார்ட்ரீ தொடங்கியது. 1930இல் ஃபாக் சீர்செய்தார். ஒவ்வொரு எலெக்ட்ரானும் மற்றவற்றின் சராசரி மின்புலத்தில் நகர்வதாகக் கொள்கிறோம். ஆனால் புலம் தெரிய ஆர்பிட்டால்கள் வேண்டும், ஆர்பிட்டால்கள் தெரியப் புலம் வேண்டும். எனவே ஓர் ஊகத்தில் தொடங்கிப் புலத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து புதிய ஆர்பிட்டால், அதிலிருந்து மீண்டும் புலம் என்று, எண்கள் அசையாமல் நிற்கும்வரை சுற்றிச் சுற்றி வருகிறோம்.

ஹீலியத்துக்கு இந்தச் சுற்று -2.8617இல் நின்றுவிடும். எவ்வளவு பெரிய கணினியானாலும் அதற்குமேல் நகராது. மிச்சம் 0.042 ஹார்ட்ரீ, ஒன்றரை சதவீதம்கூட இல்லை. ஆனால் வேதியியலின் அளவுகோலில் அது மோலுக்கு 110 கிலோஜூல். இரண்டு நீர் மூலக்கூறுகளைச் சேர்க்கும் ஹைட்ரஜன் பிணைப்பே சுமார் 20தான். சராசரியைப் பார்த்து நகர்வதற்கும், எதிரில் இருப்பதைப் பார்த்து விலகுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. இதை ஒட்டுறவு ஆற்றல் என்பார்கள்.

இதை மீட்கும் முறைகள் பல. கப்பிள்டு கிளஸ்டர் முறையின் புகழ்பெற்ற வடிவத்தில் மூலக்கூறின் அளவு இரட்டித்தால் வேலை 128 மடங்காகிறது. எலெக்ட்ரான் அடர்த்தியை மட்டும் கொண்டு கணக்கிடும் கோன்-ஷாம் வழி (1965) மிக மலிவு, ஆனால் அதிலுள்ள ஒரு சார்பின் சரியான வடிவம் யாருக்கும் தெரியாது, தோராயமாகத்தான் எழுதுகிறோம். ஆயத்த மென்பொருளில் முறையின் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து ஓடவிடுபவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. அது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

அதனால் ஹைட்ரஜன் மூலக்கூறுக்காவது அந்தச் சுற்றைச் சொந்தமாக நிரலாக எழுதுங்கள். பிறகு இரு அணுக்களையும் மெல்ல விலக்கிப் பாருங்கள். ஆற்றல் இரு தனி ஹைட்ரஜன் அணுக்களின் மதிப்பில் போய் நிற்க வேண்டும்; ஆனால் அதைத் தாண்டி வெகு மேலே போய்விடும். காரணம் நீங்கள் எழுதிய அலைச்சார்பிலேயே இருக்கிறது: இரண்டு எலெக்ட்ரான்களும் ஒரே ஆர்பிட்டாலைப் பகிர்வதால், எவ்வளவு தூரம் பிரித்தாலும் இரண்டும் ஒரே அணுவில் இருப்பதற்கான வாய்ப்பை அது சரிபாதியாகவே வைத்திருக்கிறது.