லிப்பிட் மெட்டபாலிசம்: செரிமானம் அல்ல, வளர்சிதைமாற்றம்

புற்றுநோய் பற்றிய மொழிபெயர்ப்புகளில் ‘கொழுப்புச் செரிமானக் கோளாறு’ என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. மூலத்தில் இருப்பதோ லிப்பிட் மெட்டபாலிசம், அதாவது கொழுப்பு வகைப் பொருள்களை உயிரணு கட்டுவதும் உடைப்பதும். கிரேக்கத்தில் ‘மெட்டபோலே’ என்றால் மாற்றம், ‘லிப்போஸ்’ என்றால் கொழுப்பு. உயிரணுவின் வேதிவினைகளுக்கு ‘மெட்டபோலே’யை 1839-ல் எடுத்தாண்டவர் ஜெர்மன் உடலியலாளர் தியோடர் ஷ்வான்.

செரிமானம் குடலில் நடப்பது. பித்தநீர் கொழுப்பைச் சிறுதுளிகளாக்கும், கணையத்து நொதியான லைப்பேஸ் அதை வெட்டும், குடற்சுவர் உறிஞ்சும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. புற்றணு செய்வது இதற்கு நேர்மாறு. கொழுப்பு அமில சிந்தேஸ் என்ற நொதி அசிட்டைல் கோ-ஏ, மலோனைல் கோ-ஏ என்ற சிறு மூலக்கூறுகளைக் கோத்து, 16 கார்பன் உள்ள பால்மிட்டேட் என்ற கொழுப்பு அமிலத்தைக் கட்டுகிறது. புதிய அணுக்களின் சவ்வுக்கு அது வேண்டும். இதற்கான கார்பன் குளுக்கோஸிலிருந்தே வந்துவிடும். இதைப் போய்ச் ‘செரிமானம்’ என்று எழுதினால், எண்ணெயையும் நெய்யையும் நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்று நோயாளி நம்புவார். ஏற்கெனவே மெலிந்துவரும் உடம்புக்கு அது கேடு.

அந்த மொழிபெயர்ப்புகளில் நோயெதிர்ப்பு அணுக்களைப் பற்றிய பகுதியில் குழப்பம் இன்னும் மோசம். கட்டியைச் சுற்றியுள்ள ஆக்சிஜனேற்றமடைந்த லிப்பிடுகளை, புற்றணுவைக் கொல்லும் நோயெதிர்ப்பு அணுவான சிடி8 டி அணு, தன் மேற்பரப்பில் உள்ள சிடி36 என்ற ஏற்பிப் புரதம் வழியாக உள்ளே இழுக்கிறது. இரும்பின் துணையோடு அதன் சவ்வு பெராக்சைடாகிச் சிதைகிறது. தாக்குதலுக்கு உதவும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தின் சுரப்பு குறைகிறது, சில அணுக்கள் ஃபெரோப்டோசிஸ் எனும் இரும்பு சார்ந்த அணுச்சாவில் மடிகின்றன. நோயெதிர்ப்பை அடக்கும் ஒழுங்காற்று டி அணுக்களோ அதே சிடி36-ஐக் கொண்டே கட்டிக்குள் தாக்குப்பிடிக்கின்றன. இதில் செரிப்பது எது?

‘வளர்சிதைமாற்றம்’ நீளம், பாமரருக்குப் புரியாது என்கிறார்கள். பள்ளிப் பாடநூலிலேயே உள்ள சொல் அது. கட்டுவதை ‘வளர்’ சொல்கிறது, உடைப்பதைச் ‘சிதை’ சொல்கிறது. கிரேக்கச் சொல்லில்கூட இந்தத் தெளிவு இல்லை. நீளம்தான் தடை என்றால் மெட்டபாலிசம் என்றே எழுதட்டும். பிழையான தமிழைவிட அது மேல்.

லிப்பிடுக்குக் ‘கொழுமியம்’ என்ற நல்ல சொல்லும் இருக்கிறது. கொலஸ்டிரால், ஃபாஸ்ஃபோலிப்பிட், கொழுப்பு அமிலம் எல்லாவற்றையும் ‘கொழுப்பு’ என்றே எழுதுபவர்கள் அதைத் தொடுவதில்லை. கொலஸ்டிராலை எஸ்டராக்கும் (சேமிப்பு வடிவாக மாற்றும்) ஏசிஏடி1 நொதியைத் தடுத்தால், சிடி8 அணுவின் சவ்வில் கொலஸ்டிரால் கூடித் தாக்கும் திறன் வலுக்கிறது என்று 2016-ல் எலிகளில் காட்டினார்கள். ஆக்சிஜனேற்றமடைந்த கொழுமியமோ அதே அணுவை முடக்குகிறது. இரண்டையும் ‘கொழுப்பு’ என்றே எழுதினால், அடுத்தடுத்த இரு வரிகள் ஒன்றையொன்று மறுக்கும்.